நகத்தளவு அப்பம்

இதை எழுத நைனாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். போன முறை வாங்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி. மீதிப் பாதி பெருங்குடல்.

நைனாவுக்கு எண்பத்தொரு வயது. சித்தூரில் முப்பத்தாறு வருடம் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். எங்கள் தமிழ்ச் சபையில் மூப்பர். காணிக்கைப் பை பிடிப்பதிலிருந்து பாஸ்டருக்குப் புத்தி சொல்வதுவரை எல்லாம் மூப்பர் வேலைதான். நான் அவருக்கு ஒரே மகன். வயது ஐம்பத்துமூன்று. பள்ளியில் ஆங்கிலம் நடத்திவிட்டு மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். கிறிஸ்மஸ், ஈஸ்டர், இழவு மூன்றுக்கும் தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன். அப்போதும் பாதி ஆராதனையில் வெளியே டீக்கடைக்கு வந்துவிடுவேன்.

கிறிஸ்மஸ் கழிந்த வாரம் கோயில் படி மூன்றை ஏற நைனா இரண்டு தடவை நின்றார். சித்தூர் டாக்டர் ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் என்பது ரத்தத்தில் காற்றைச் சுமக்கிற சிவப்புச் சரக்கு. ஆண்களுக்குக் குறைந்தது பதின்மூன்று இருக்க வேண்டும், நைனாவுக்கு ஆறு இருந்தது. "ரத்தம் எங்கேயோ ஒழுகுகிறது. மலத்தில் ரத்தம் போகிறதா?" என்று டாக்டர் கேட்டார்.

"போவுது," என்றார் நைனா.

"எத்தனை நாளாக?"

"அஞ்சு மாசம் இருக்கும்."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "அஞ்சு மாசமா யார்கிட்டயும் சொல்லலயா?"

"ஆண்டவர்கிட்ட சொல்லிக்கினுதானே இருந்தேன்."

"அவர் டாக்டரைப் பாக்கச் சொல்லலயா?"

"நீ அவசரப்படற மாதிரி அவர் அவசரப்பட மாட்டார்," என்றார். டாக்டர் சிரிக்காமல் திருப்பதிக்குச் சீட்டு எழுதினார்.

அலிபிரி போகிற சாலையில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காத்திருக்கும் கூடத்தில் பாதிப் பேருக்கு மொட்டைத்தலை. யார் மலைக்கு முடி கொடுத்தவர், யார் புற்றுநோய் மருந்துக்குக் கொடுத்தவர் என்று பார்த்துச் சொல்ல முடியாது. சந்தனம் பூசியிருந்தால் முதல் வகை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். சந்தனம் பூசிய ஒரு அம்மாள் புற்றுநோய்ப் பிரிவுக் கதவுக்குள் போனபோது அந்தக் கணக்கையும் விட்டேன்.

கொலனாஸ்கோபி செய்தார்கள். கேமரா பொருத்திய மெல்லிய குழாயைப் பின்பக்கமாக விட்டுப் பெருங்குடலைச் சுற்றிப் பார்ப்பது. முந்தின நாள் உப்புக்கரிக்கும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். எண்பத்தொரு வயதுக்காரர் ஒரு மாலைக்குள் பதினேழு தடவை கழிவறைக்குப் போனார். பதினெட்டாவது தடவை போக முடியவில்லை. நான் கழுவிவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே ஒரு சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயாப்ஸி. எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. சர்ஜன் ஒரு காகிதத்தில் குழாய் படம் போட்டு அதைச் சுற்றி மோதிரம்போல் ஒரு வளையம் வரைந்தார். புற்று அப்படித்தான் குடலை இறுக்கிக்கொண்டு வளர்ந்திருந்தது. நடுவில் பென்சில் நுழைகிற அளவுக்கு வழி மிச்சம்.

"அது முழுவதும் அடைவதற்குள் வெட்டி எடுத்தால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். அடைத்துக்கொண்டால் கதை வேறு," என்றார். திங்களும் வியாழனும் அவருடைய ஆபரேஷன் நாட்கள். நைனாவுக்கு வியாழக்கிழமை, பட்டியலில் முதல் பெயர்.

திங்கட்கிழமை வார்டில் சேர்த்தோம். உடம்பு ஆபரேஷனைத் தாங்க இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதில் ஒரு பாட்டில் எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் பஸ் ஏறி வந்து கொடுத்தது. ஆசிரியர் அறையில் வைத்து அவரைப் பற்றி நான் சொல்லாத ஜோக் கிடையாது. பாட்டில் முடிகிறவரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கிரேஸ் தினமும் சித்தூரிலிருந்து வடித்த ரசம் கொண்டுவந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் வரதாச்சாரி என்று ஒருவர். திருமலையில் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பித்தப்பையில் கல். நைனாவுக்கும் அவருக்கும் ஒரே நாளில் நட்பு. இரண்டு பேரும் காலை நாலரைக்கு எழுந்து அவரவர் கடவுளை அவரவர் குரலில் கூப்பிட்டார்கள். நடுவில் நாற்காலியில் நான், இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாதவனாக.

புதன்கிழமை சாயங்காலம் பாஸ்டர் சாமுவேல் சித்தூரிலிருந்து வந்தார். நைனாவைவிட நாற்பது வயது சின்னவர், ஆனாலும் நைனாவுக்கு அவர் 'ஐயகாரு'. ஜெபம் பண்ணிவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"அண்ணா, ஒரு விஷயம். அப்பா நாலு வருஷமா பந்திக்கு வர்றதில்ல. உங்களுக்குத் தெரியுமா?"

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும். பந்தி என்று அதைத்தான் சொல்வார்கள். மூப்பர் என்ற முறையில் நைனா கிண்ணங்களைக் கழுவுவார், ரசத்தை ஊற்றி அடுக்குவார், மற்றவர்களை வரிசையாக அனுப்புவார். தான் மட்டும் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாராம். நாலு வருடமாக.

"ஏன்?"

"நானும் கேட்டேன். எனக்கும் ஒருத்தனுக்கும் மனசு சரியில்ல ஐயகாரு, அது தீராம எப்படிக் கைய நீட்டறதுன்னாரு. யார்னு சொல்லல."

"யாரு?"

பாஸ்டர் என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார்.

அம்மா இறந்து நாலரை வருடம் ஆகிறது. கடைசி நேரத்தில் நைனா கட்டில் ஓரம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய ஜெபம் ஊருக்கே தெரிந்த நீளம். ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்பவர்களைத் தொடாமல் முடியாது. அம்மா கண்ணைத் திறந்து, "சீக்கிரம் ஆமென் சொல்லுங்க," என்றாள். அவர் முடிப்பதற்குள் போய்விட்டாள். அடக்கம் முடிந்த அன்று வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவர் இதை என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லி அழுதார்.

ஆறு மாதம் கழித்து நீண்ட ஜெபங்களைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். சாம்பார் ஆறுவது, பிள்ளைகள் தூங்கிவிழுவது எல்லாம் வந்தது. முடிவுதான் அமையவில்லை. அம்மாவின் வாக்கியத்தைத் தூக்கி அங்கே வைத்தேன். பிரமாதமாக உட்கார்ந்தது. பத்திரிகை ஆசிரியர் போனில் பாராட்டினார். நைனா ஒன்றும் சொல்லவில்லை. படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வராந்தாவிலிருந்து திரும்பி அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"நைனா, அந்தக் கட்டுரை."

"எது?"

"அம்மா சொன்னத எழுதினேனே."

அவர் கையில் ஏறிக்கொண்டிருந்த சொட்டு மருந்தைப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருந்த. கோயில்ல ஒருத்தர் சத்தமா படிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சி. அப்புறம்தான் அது உங்கம்மான்னு தெரிஞ்சிது."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா அதையும் எழுதிடுவ."

வரதாச்சாரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாகரிகம் தெரிந்தவர். வார்த்தை விற்றுப் பிழைக்கிறவனுக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை. "மன்னிச்சிடு நைனா," என்றேன். ஆரம்பம் இல்லாமல், உவமை இல்லாமல்.

"சரி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஐயகாரு போயிட்டாரா, கீறாரா?"

பாஸ்டர் அன்று திருப்பதியிலேயே உறவினர் வீட்டில் தங்கினார்.

ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்தால் உடம்பு தொண்டைக்காவலை மறந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அதனால் சாப்பாடு என்றால் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி. நர்ஸ் கட்டில் தலைமாட்டில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பலகை மாட்டினாள். வாய்வழியாக ஒன்றும் கூடாது என்று. நான் வீராவேசமாக வேலை செய்தேன். பிஸ்கட், வாழைப்பழம், வரதாச்சாரிக்கு வந்த லட்டு, எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். நைனா வாய் கொப்பளிக்கும்போதுகூட, "முழுங்கிடாத," என்று பக்கத்தில் நின்று காவல் காத்தேன்.

காலை ஆறு மணிக்குப் பாஸ்டர் சின்ன மரப்பெட்டியோடு வந்தார். நோயாளிகளுக்கென்று வைத்திருக்கிற பெட்டி. உள்ளே மருந்துப்புட்டி அளவு ரசம், ஒரு வெள்ளித்தட்டு, துணியில் சுற்றிய ரொட்டி. நான் நைனாவின் முதுகுக்குக் கை கொடுத்து உட்காரவைத்தேன். பாஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, நகத்தளவு அப்பத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். பல் இல்லாத வாயில் நைனா அதை வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு ரசம். தாடையில் வழிந்த ஒரு துளியை நான் விரலால் துடைத்தேன். எனக்கும் நீட்டினார் பாஸ்டர். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வாங்கிக்கொண்டேன். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் வரதாச்சாரி எழுந்து உட்கார்ந்து கை கூப்பியிருந்தார்.

இத்தனைக்கும் பலகை எங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. ரொட்டியாகத் தெரிந்திருந்தால் நானே தட்டிவிட்டிருப்பேன்.

எட்டரைக்கு ஸ்ட்ரெச்சரில் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குப் போனோம். மயக்க மருந்து டாக்டர் முப்பத்தைந்து வயதுப் பெண். தெலுங்கில் கேட்டார். "தாத்தகாரு, பொத்துன ஏமன்னா தின்னாரா?" காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று.

"லேதண்டி," என்றேன் நான், முழு மனசாட்சியோடு. இல்லை.

நைனா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தார். "இருடா. துன்னேனே."

"என்னா துன்ன?"

"பந்தி."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ரொட்டி, திராட்சரசம், ஆறு மணிக்கு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எவ்வளவு என்றார். நகத்தைக் காட்டினேன்.

எங்கள் சபையின் போதனைப்படி அப்பம் அப்பமாகவே இருக்கிறது, அது ஒரு அடையாளம் மட்டும்தான். அது இயேசுவின் உடலாகவே மாறுகிறதா இல்லையா என்று ஐரோப்பாவில் ஆட்களை உயிரோடு கொளுத்தியிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். திருப்பதியில் இரண்டு நிமிடத்தில் எங்கள் சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ரொட்டி ரொட்டிதான்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இவருக்கு ஏற்கெனவே குடல் பாதி அடைத்திருக்கிறது. வயிறு மெதுவாகத்தான் காலியாகும். வயதும் பாருங்கள். நான் துணிய மாட்டேன்," என்றார். ஆறு மணி நேரம் தள்ளலாம் என்றால் அன்றைய பட்டியலில் அதற்குப் பிறகு இடமில்லை. சர்ஜன் வந்து பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை என்றார்.

பட்டியலில் அடுத்த பெயர் வரதாச்சாரி. எங்களைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அவருக்குப் பச்சை அங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஓய், அதுக்குள்ள வந்துட்டேள்?"

நைனா சொன்னார்.

வரதாச்சாரியின் முகம் மாறியது. "பிரசாதமெல்லாம் சாப்பாட்டுக் கணக்கா? நான் கார்த்தால துளசி தீர்த்தம் சாப்ட்டேனே. யாருக்கும் தெரியாது."

"மொதல்ல டாக்டரம்மாகிட்ட சொல்லிடு சாமி. உள்ள போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடப்போவுது."

அவர் சொன்னார். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் வயிற்றை விட்டுப் போய்விடுமாம், பரவாயில்லை என்று கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, நைனாவின் முறையைத் தான் எடுத்துக்கொண்டதாக ஏதோ சொல்ல வந்தார். முடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை நைனாவின் வயிறு கூடையைக் கவிழ்த்தமாதிரி மேலே வந்துவிட்டது. பச்சையாக வாந்தி. பென்சில் அளவு வழியும் மூடிவிட்டது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இருந்ததை உறிஞ்சினார்கள். அதற்குள் கொஞ்சம் நுரையீரலுக்குப் போய்விட்டது. எது நடக்கக் கூடாது என்று வியாழக்கிழமை ஆபரேஷனை நிறுத்தினார்களோ அதுவே நடந்தது, மயக்க மருந்து ஒரு துளிகூட இல்லாமல். மத்தியானம் அவசர ஆபரேஷன்.

மூன்று மணி நேரம் கழித்து சர்ஜன் வெளியே வந்தார். கட்டியை எடுத்தாயிற்று. ஆனால் குடல் வீங்கிப்போயிருந்ததால் முனைகளைச் சேர்க்க முடியவில்லை. ஒரு முனையை இடுப்புக்கு மேல் வயிற்றுத் தோலில் துளைபோட்டு வெளியே வைத்துத் தைத்திருக்கிறார்கள். இனி மலம் அதன் வழியாக ஒரு பையில் விழும். ஈரலிலும் நாலைந்து புள்ளிகள். "அவை பழையவை, ஸ்கேனில் சரியாகப் பிடிபடாதவை. அதற்கும் இந்த இரண்டு நாளுக்கும் சம்பந்தமில்லை," என்றார்.

"இந்தப் பைக்குச் சம்பந்தம் இருக்கா?"

"வியாழக்கிழமை செய்திருந்தால்," என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாது," என்று முடித்தார்.

பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதில் நாலு நாள் மெஷின்தான் மூச்சு விட்டது. காலையும் மாலையும் ஐந்து நிமிடம் பார்க்கலாம். நான் போய் நின்று எழுதுகிறவன் மூளையோடு எல்லாவற்றையும் கவனித்தேன். கையைக் கட்டில் கம்பியில் கட்டியிருந்த துணியின் நிறம், மெஷின் எண்கள். அப்படிக் கவனிப்பது எனக்கே அருவருப்பாக இருந்தது. கிரேஸ் கவனிக்கவில்லை, அவர் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மூச்சு மெஷினின் குழாயை எடுத்த மறுநாள் அவருக்குக் குரல் காற்றாக வந்தது. பாஸ்டர் வந்து போயிருந்தார்.

"ஜெபம் பண்ணியா நைனா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வரலடா."

"என்னா வரல?"

"ஜெபம். வாயத் தொறந்தா ஒண்ணுமே இல்ல. மொதல்ல பயமா இருந்துச்சி." மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்போ நான் சும்மா கீறேன். அவரும் சும்மா கீறாரு."

அவருக்கு நம்பிக்கை போய்விட்டதா இருக்கிறதா என்று எனக்குப் புரியவில்லை. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது.

சித்தூருக்குக் கொண்டுவந்து ஆறு வாரம் ஆகிறது. ஈரலுக்கு மருந்து ஏற்றலாம், சில மாதங்கள் கூடலாம் என்றார்கள். நைனா, "ஏத்தறதெல்லாம் போதும்," என்றுவிட்டார். இப்போது அரை டம்ளர் கஞ்சி குடிக்கிறார். வலிக்கு மாத்திரை இருக்கிறது, சில நாள் அது போதுகிறது. பையைக் கிரேஸ்தான் மாற்றிவந்தாள். பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுப்பது என் பங்கு.

போன செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தபோது பை நிறைந்துவிட்டது. நான் சாமான்களை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாகத் தொண்டையில் இருந்தது அப்போது வந்தது.

"நைனா, அன்னிக்கு நான் அந்தப் பலகையப் பாத்திருந்தா, வியாழக்கிழமையே முடிஞ்சிருக்கும். இந்தப் பை இருந்திருக்காது. நெஞ்சும் கெட்டிருக்காது."

"ஆமா," என்றார்.

அடுத்து ஓர் 'ஆனால்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நீதான் பாத்துக்கினு இருந்திருக்கணும். ஐயகாரும் பாத்திருக்கணும். நானும்தான், ஆசையில பாக்கல. தப்புதான்டா."

நான் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சிட்டேன். மறுபடி மறுபடி கேக்காத, எனக்கு மூச்சு வாங்குது."

எனக்கு வேண்டியிருந்தது 'உன்மேல் தப்பில்லை' என்கிற வாக்கியம். நான் அவர் இடத்தில் இருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேன், அழகாகவும் சொல்லியிருப்பேன். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. தப்பைத் தப்பாகவே வைத்துக்கொண்டு மன்னிக்கிறவரோடு வாதாட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

"அவ வர்றதுக்குள்ள மாத்து. ஒரு நாளாவது அவளுக்கு லீவு வுடு."

பழைய பையை உரித்தேன். தோல் புண்ணாகியிருந்தது. "மெதுவா," என்றார். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். உலரவைத்தேன். புதுப் பையை ஒட்டினேன், கோணலாகப் போயிற்று. எடுத்து இன்னொன்றை ஒட்டினேன். பசை பிடிக்க உடம்புச் சூடு வேண்டும், உள்ளங்கையை ஒரு நிமிடம் அதன் மேல் அழுத்தி வைக்க வேண்டும் என்று கிரேஸ் சொல்லியிருந்தாள். வைத்தேன். கைக்கு அடியில் குடல் மெல்ல அசைவது தெரிந்தது. வலிக்குமோ என்று நான் அழுத்தாமல் வைத்திருந்தேன் போலிருக்கிறது. நைனா தன் கையை எடுத்து என் கைமேல் வைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.